சூனியக்காரி நடந்து போன படம்

படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனிடம் என்ன கேட்பது என்று நினைத்திருக்கலாம். பரவாயில்லை, கேட்காமலே சொல்கிறேன்.

எனக்கு மாயாஜாலப் படங்கள்தான் பிடிக்கும். அட்டையில் வெட்டிய நிலா, அதற்குக் கண்ணும் மூக்கும். பேசுகிற மண்டையோடு. ஊஞ்சலில் நின்றபடியே கத்திச் சண்டை. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் ஓடும், ஒரே ஒரு பாட்டு மட்டும் கலரில் வரும். அந்தப் பாட்டு தொடங்கும்போது கொட்டகையில் மூக்குப்பொடி போடுகிறவன்கூடக் கையை அப்படியே நிறுத்திக்கொள்வான்.

சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் கொஞ்ச காலம் இலை எடுத்தேன். அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். "இதெல்லாம் ஒரு படமா? நம்பும்படியா ஒரு சீனாவது உண்டா?" என்பார்கள். நம்பும்படியான விஷயங்களை நான் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எச்சில் இலை நம்பும்படியானது. அதற்கு முன் கடலூர் முதுநகரில் படகுக்குத் தூக்கிய மூட்டைகள் நம்பும்படியானவை. தோள்பட்டையில் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது, அதுவும் நம்பும்படியானதுதான். காசு கொடுத்து உள்ளே போய் மறுபடி அதையே திரையில் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடகத்தைப் படமாக எடுத்தாலும் சரி, படத்தை நாடகமாகப் போட்டாலும் சரி, தெலுங்குக்காரர்கள் எடுத்ததற்குத் தமிழில் குரல் கொடுத்தாலும் சரி, பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் முதலில் சொல்வது, "அது மாதிரி இல்லியே" என்பதுதான். அது மாதிரியே வேண்டுமென்றால் அதையே பார்க்கட்டும். இதை நான் வாய்ச் சவடாலுக்காகச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் தலைமுடி இதில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டல் வேலை போன பிறகு ஒரு நாடகக் கோஷ்டியில் சேர்ந்தேன். திருப்பாதிரிப்புலியூர்க்காரர் ஒருவர் நடத்தினார். எல்லாருக்கும் அவர் வாத்தியார். கொட்டகையில் நன்றாக ஓடிய படத்தை எடுத்துக்கொண்டு, கோயில் திருவிழாவிலும் தர்கா கந்தூரியிலும் நாடகமாகப் போடுவது அவர் தொழில். கதை எழுதி வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது. ஆளுக்கொரு வேஷத்தைப் பிரித்துக் கொடுப்பார். அவனவன் போய்த் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, தன் வேஷத்தின் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். "உன் வேஷத்தை நீ பாரு. அடுத்தவன் வேஷத்தைப் பாத்தின்னா உன்னுது மறந்துடும்" என்பார். அதனால் கதை முழுசாக யார் தலையிலும் இருக்காது. ஒத்திகைக்கு வந்த பிறகுதான் ஒன்றோடொன்று ஒட்டும்.

அந்த வருஷம் எடுத்துக்கொண்ட படத்தின் கதை இது. ஒரு ராஜா ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி ஏமாற்றிக் காட்டுக்குத் துரத்திவிடுகிறான். அவள் சூனியம் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, ராஜாவைக் கல்லாக்குகிறாள், மூத்த ராஜகுமாரனைக் கிளியாக்குகிறாள். இளைய ராஜகுமாரன் மலையெல்லாம் ஏறி அவளைத் தேடிப் பிடிக்கிறான். கடைசியில் அவனுக்கும் ஒரு ராஜகுமாரிக்கும் கல்யாணம்.

வாத்தியார்தான் ராஜா. இளைய ராஜகுமாரன் பரங்கிப்பேட்டைக்காரன். கடலூரில் ஒரு லுங்கிக் கடையில் வேலை, நானும் அவனும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். எனக்குப் படுதா எழுதுகிற வேலை, அதோடு திரைக்குப் பின்னால் நின்று கிளியின் குரல். சூனியக்காரி வேஷத்துக்குச் சிதம்பரத்திலிருந்து ஓர் அக்கா வருவாள். முப்பதைத் தாண்டியவள். அவளும் அவளுடைய இரண்டு பெண்களும் அவள் நடித்து வருவதில்தான் சாப்பிட்டார்கள். ஆடி போனால் திருவிழாக்கள் முடிந்து மறுபடி பங்குனி வரை ஒன்றும் இருக்காது.

நாங்களெல்லாம் படத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் பார்த்தோம். அக்கா சிதம்பரத்தில், ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில், பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். நான் ஓரிடத்தில் தங்காதவன் ஆனதால் இரண்டு இடத்திலும் பார்த்திருந்தேன்.

ஒத்திகை ஒரு மரவாடியின் பின்பக்கம் நடந்தது. கடைசிக் காட்சி வந்தது.

"இப்ப தம்பி வந்து உன் முடியைப் புடிச்சி இழுக்கறான். நீ 'ஐயோ என் சக்தி போச்சே'ன்னு கத்திக்கினே நெருப்புல விழற" என்றார் வாத்தியார்.

"எந்த நெருப்புல?" என்றாள் அக்கா.

"என்னா எந்த நெருப்புல? படத்துல இருக்கற நெருப்புலதான்."

"படத்துல நெருப்பே இல்லியேண்ணே. நான் கோபுரத்து மேல நிக்கறேன், சிரிக்கறேன். அடுத்தாப்புல கல்யாணம். கல்யாணத்துல நானும் இருக்கறேன்."

"கல்யாணத்துல நீயா?"

"பின்னாடி நின்னுகினு அட்சதை போடறேன். பச்சைப் பொடவை."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "யக்கா, தூங்கிக்கினே படம் பாத்தியா?"

"தூங்குனது உங்க ராஜா. பாதிப் படம் கல்லா நின்னுகினு தூங்கறாரு."

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "கிளி, நீதான் ரெண்டு ஊருலயும் பாத்தவன். சொல்றா."

எனக்கு விஷயம் தெரியும். சிதம்பரத்துக் கொட்டகைக்கு அந்தப் படம் பல ஊர்களில் ஓடிக் களைத்துப்போய்த்தான் வந்தது. வழியில் ஏதோ ஓர் ஊரில் சூனியக்காரி சாகிற ரீல் மிஷினில் மாட்டிக் கருகிவிட்டது. அந்த ஒரு ரீலை விட்டுவிட்டு ஓட்டினார்கள். ஆபரேட்டரிடம் நான் கேட்டிருந்தேன், ஜனங்கள் சண்டைக்கு வரவில்லையா என்று. "ஒருத்தன் வந்தான். முறுக்கு ஏன் நமுத்துப்போயிருக்குதுன்னு கேட்டான்" என்றார். ரீல் போனது யாருக்கும் தெரியவில்லை. கல்யாணக் கூட்டத்தில் சூனியக்காரி சாயலில் யாரோ ஒரு துணை நடிகை நிற்கிறாள். பெண்கள் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு, அவள் மனம் மாறி வந்து ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். கலர்ப் பாட்டு என்பதால் புடவை பச்சை என்பதுவரை தெரிந்திருந்தது.

"ரெண்டும் படந்தான் வாத்யாரே" என்றேன். "ஆனா சிதம்பரத்துல ஓடறதுதான் நல்ல படம்."

"ஒரு ரீல் இல்லாத படம் நல்ல படமா?"

"அந்த ரீல் இல்லாததாலதான்."

"கிளி கிளியா இரு" என்றார் அவர். ஒத்திகை முடிந்தது.

பக்கத்து டீக்கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எங்களை எல்லாம் வேஷத்தை வைத்துத்தான் தெரியும். "சூனியக்காரிக்கு டீயா, ரத்தமா?" என்றார்.

"ரத்தம் இருந்தா போடு. சக்கரை கம்மியா" என்றாள் அக்கா.

டீயைக் குடித்துவிட்டு அவள் தலையைக் குனிந்து உச்சிக்குப் பின்னால் முடியை விலக்கிக் காட்டினாள். ஒரு வெற்றிலை அகலத்துக்கு முடியே இல்லை, தோல் பளபளத்தது. போன வருஷத் திருவிழாக்களில் ஒவ்வொரு நாடகத்திலும் கடைசியில் அவளை முடியைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். டோபா வைத்தால் கையோடு வந்துவிடுகிறது, ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று சொந்த முடியைப் பிடித்துத்தான் இழுக்கவேண்டும் என்பது வாத்தியார் சட்டம். ஆடியில் கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத்தான் படுக்க முடிந்தது என்றாள். அழவெல்லாம் இல்லை.

"இந்த ஒரு தடவை என் கால்ல நடந்து எறங்கணும் தம்பி. அவ்ளோதான். படத்துலயே அப்பிடி இருக்கும்போது எனக்கு மட்டும் என்னாத்துக்கு நெருப்பு?"

மச்சானுக்குத் தர்மசங்கடம். "யக்கா, எனக்குக் கைத்தட்டல் கெடைக்கிற எடமே அது ஒண்ணுதான். மத்த எடத்துல எல்லாம் கிளிக்குதான் தட்டுவானுவ."

"உன் கைத்தட்டலு என் தலையில முளைக்குதாடா?"

அவனே டீக்குக் காசு கொடுத்தான். வாத்தியாரிடம் அவள் இன்னொரு முறை கேட்டாள். அவர், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, பாண்டிச்சேரியிலிருந்து வேறு ஆள் வரும் என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அவளால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

வாத்தியாரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நகல் எடுப்பதில் அவருக்கு ஒரு வெறி. ஜனங்கள் படத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள், அது இம்மி பிசகக் கூடாது என்று உண்மையாகவே நம்பினார். அந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "படம் கறுப்பு வெள்ளைதானே? நாம என்னாத்துக்குக் கலர்ல நடிக்கறோம்?" என்றார். எங்கள் உடைகளையெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றினார். முகத்துக்கு அரிதாரம் கிடையாது, அரிசி மாவும் அடுப்புச் சாம்பலும். படுதாவை நான் சுண்ணாம்பிலும் கரியிலும் எழுதினேன். கலர்ப் பாட்டு வந்ததும் மேடை ஓரத்துப் பெட்ரோமாக்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடிப்பது, ராஜகுமாரியும் இளைய ராஜகுமாரனும் கலர்த் துணியைப் போர்த்திக்கொண்டு ஆடுவது என்று ஏற்பாடு. விளக்குக்காரரிடம், "சூனியக்காரி மேடையை விட்டுப் போனதும் தாளைப் புடி. படத்துல அதுக்கப்புறந்தான் கலரு" என்று சொல்லி வைத்தார்.

"படத்துல மழை மழையா கோடு விழுந்துச்சே வாத்யாரே, நூலு கட்டித் தொங்கவிடலாமா?" என்று மச்சான் கிண்டல் செய்தான். வாத்தியார் கொஞ்ச நேரம் அதை யோசித்தார்.

யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். சாம்பல் பூசிய அந்த மேடையை மாதிரி ஒன்றை நான் பிறகு எந்தப் பட்டணத்திலும் பார்க்கவில்லை. படத்தை இம்மி பிசகாமல் நகலெடுக்கப்போன மனிதர், எந்தப் படத்திலும் இல்லாத ஒன்றைச் செய்துவிட்டார். அவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்.

பிச்சாவரம் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். அம்மன் திருவிழா. சாமான் பெட்டிகளோடு காயலில் படகேறிப் போனோம். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் அந்த ஊரில் விளக்கு வைத்ததும் தொடங்கிச் சாப்பாட்டு வேளைக்குள் முடித்தாக வேண்டும். ஊர்ப் பெரியவர் மேடையருகே வந்து வாத்தியாரிடம், "படத்துல இருக்கற மாதிரியே இருக்கணும், ஆமாம். பாதிப் பேரு பாத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியாருக்கு அதைவிடச் சந்தோஷமான வார்த்தை கிடையாது.

முதலில் எங்கள் சாம்பல் முகங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் போகப் போக அடங்கிவிட்டார்கள். ராஜா கல்லானார். கல்லான பிறகு அவர் அசையவே மாட்டார். மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தாலும் அப்படியே நிற்பார். அதில் அவருக்குத் தனிப் பெருமை. சூனியக்காரி செத்த பிறகுதான் அவருக்கு உயிர் வரும், படத்தில் அப்படித்தான்.

கடைசிக் காட்சி. அக்கா கோபுரத்தின் மேல், அதாவது துணி சுற்றிய பெஞ்சின் மேல் நின்றாள். மச்சான் கத்தியோடு வந்து, படத்து வசனத்தைச் சொல்லிவிட்டு, முடியைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லை. அவனைத் தாண்டி, மூலையில் கல்லாக நின்ற ராஜாவைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னை எதுக்குக் காட்டுக்கு அனுப்புன? அதை மொதல்ல சொல்லு."

இது படத்தில் இல்லை. எங்கள் யாருக்கும் தெரியாது. வாத்தியாருக்கு மாவு பூசிய கன்னத்தில் வியர்வை கோடாக இறங்கியது. ஆனால் அவர் கல். கல் பேசினால் படம் போய்விடும்.

"கட்டிக்கறேன்னு சொன்னியா, இல்லியா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சொல்லேன்யா! வாயில என்னா, கொழுக்கட்டையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறொருத்தி, "அவரு கல்லுடி" என்றாள். "கல்லாவறதுக்கு முந்தி மனுசந்தானே? அப்ப சொல்றதுக்கு என்னா?" என்றாள் முதலில் கேட்டவள்.

திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கல்லுக்குத்தான் பேச்சு கிடையாது, கிளிக்கு உண்டு. பேசினால் என் வேலை போகும் என்பதும் தெரியும். அந்த வேலை ஒன்றும் ராஜ உத்தியோகம் இல்லை.

"சொன்னாரு" என்றேன், கிளிக் குரலில். "கட்டிக்கறேன்னு சொன்னாரு. ஏமாத்திட்டாரு. நான் அவரு பெத்த புள்ளை, எனக்குத் தெரியும்."

அந்தக் கைத்தட்டல் போல் எனக்கு அதற்குப் பிறகு வாழ்க்கையில் கிடைக்கவில்லை. அது அடங்கியபோது மச்சான் இன்னும் கையை நீட்டியபடியே நின்றான். அவன் விரலுக்கும் அவள் முடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இழுத்திருந்தால் காட்சி அவனுடையதாகியிருக்கும். அதற்குத்தானே அவன் லுங்கிக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தது?

"தம்பி, முடியில கை வெச்சியோ, படகு கெடையாது! நீஞ்சித்தான் ஊருக்குப் போவணும்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

அவன் கையை இறக்கினான். அதோடு நிற்காமல், இடுப்பிலிருந்த கத்தி உறையைச் சரிசெய்துகொண்டு, "எறங்கி வா, தாயே" என்றான். அது எந்தக் கொட்டகையிலும் ஓடாத வசனம். பெஞ்சு ஆடாமல் காலால் மிதித்துக்கொண்டு, அவள் பிடித்து இறங்க அவனே தோளைக் கொடுத்தான்.

அக்கா இறங்கினாள். ராஜாவின் முன்னால் போய் நின்று, "போ. மனுசனா இரு" என்று சொல்லி அவர் நெற்றியில் விரலை வைத்தாள். பிறகு மேடையின் ஓரத்துக்கு நடந்தாள். அங்கே கயிற்றில் ராஜகுமாரியின் கலர்த் துணி தயாராகத் தொங்கியது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கிப் பெண்கள் பக்கம் போனாள். விளக்குக்காரர் கதையைக் கவனிக்கிற ஆள் இல்லை. அவருக்குச் சொன்னது சூனியக்காரி மேடையை விட்டுப் போனதும் தாளைப் பிடிக்க வேண்டும் என்பது. பிடித்தார், அவள் இறங்கிப் போன ஓரத்து விளக்குக்கு முன்னால். மேடையில் நாங்கள் எல்லாரும் சாம்பலாக நிற்க, அவள் முதுகும் அந்தத் துணியும் மட்டும் சிவப்பாகக் கூட்டத்தின் நடுவே போயின. பெண்கள் நகர்ந்து இடம் விட்டு அவளை உட்காரவைத்தார்கள். கல்யாணப் பாட்டை அவள் அங்கிருந்தே பார்த்தாள். யாரோ கொடுத்த அவித்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஊர்ப் பெரியவர் வந்தார். "படம் மாதிரி இல்லியே? நெருப்புல விழுவாளே" என்றார். அவர் மனைவி பின்னாலேயே வந்து, "எந்த நெருப்பு? சிதம்பரத்துல நான் பாத்தேனே, இப்பிடித்தான். கல்யாணத்துல அட்சதை போடுவா" என்றாள். இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

திரும்பும் படகில் வாத்தியார் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். முகத்து மாவைக் காயல் தண்ணீரில் கழுவினார். பிறகு என்னைப் பார்த்து, "கிளி, நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார். அக்காவைப் பார்த்தார். அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சான், "அடுத்த ஊருக்காரங்க ரெண்டு பேரு வந்திருந்தாங்க வாத்யாரே. நடந்து போற சூனியக்காரிதான் வேணுமாம், முடியைப் புடிக்கிறதா இருந்தா வேணாமாம்" என்றான். நிஜமாகவே வந்திருந்தார்கள். வாத்தியார், "படத்துல அப்பிடி இல்லியே" என்று முனகினார். முனகலோடு சரி. அந்த வருஷம் முழுக்க அக்கா தன் காலில்தான் இறங்கினாள் என்று மச்சான் பிறகு சொன்னான். ராஜா ஒவ்வோர் ஊரிலும் கல்லாக நின்று அவளுடைய அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டாராம்.

நான் வடலூருக்குப் போய்ச் சோறு போடுகிற இடத்தில் சில நாள் சாப்பிட்டேன். பிறகு நெய்வேலிப் பக்கம் மண் வெட்டப் போனேன். அது வேறு கதை, அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

சில வருஷம் கழித்து அதே கதையை மறுபடி எடுத்தார்கள். இந்த முறை படம் முழுக்கக் கலர். அப்போது நான் மறுபடி திருப்பாதிரிப்புலியூரில் இருந்தேன், பார்க்கப் போனேன். நிலாவுக்கு மூக்கு இல்லை, நிஜ நிலாவையே பிடித்திருந்தார்கள். மண்டையோடு பேசவில்லை. எல்லாம் கலராக இருந்ததால் கலர் எப்போது வரும் என்று காத்திருக்க ஒன்றும் இல்லை. காலேஜ் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்கள். சூனியக்காரி கோபுரத்தில் நின்று சிரித்தாள், ராஜகுமாரன் படியேறி வந்தான், அவள் முடியை நோக்கிக் கையை நீட்டினான்.

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "யோவ், எங்க போற? இன்னும் ஒரு ரீல் இருக்குது."

"அது கருகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.